தவளையில் இரண்டு இருக்கை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நானும் என் தையல் மெஷினும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். மணிக்கட்டு மட்டும் குளிருக்குக் கொஞ்சம் முனகுகிறது. உன் முதுகுப் பிடிப்பு விட்டதா? ஏரிக்காற்று ஈரமாக அடிக்கும், மார்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்.

உன் அத்தான் அந்தப் படகுக் கொட்டகைக்கு வந்து அரை வருஷம் ஆகப் போகிறது. முதலில் வாரம் தவறாமல் எழுதினார். அப்புறம் கடிதம் சுருங்கிச் சுருங்கி நாலு வரிக்கு வந்தது. இப்போது அதுவும் இல்லை. உன் கையெழுத்தில் 'அத்தான் நலம்' என்று வருகிறது. அவர் நலம் என்பதை அவர் கையாலேயே எழுதினால் என்ன, மை தீர்ந்துவிடுமா?

நான் சந்தேகப் பிராணி என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள், தெரியும். சிரியுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே தவளைப் படகு கவிழ்ந்தபோது அவரைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டவன் நீ. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தவனும் நீ. உயிர் மிஞ்சியது. இடது கண் போனது, இடது தோள் இறங்கிவிட்டது. இனிப் பந்தயப் படகில் ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன் என்று அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான், பழைய படகுகளின் பந்தயத்துக்குத் தவளையைத் தயார் செய்கிறேன் என்றபோது சரி என்றேன். தயார் செய்யத்தான். ஓட்ட அல்ல.

யார் ஓட்டப் போகிறார்கள்? போன கடிதத்திலும் கேட்டேன், அதற்கு முந்தையதிலும் கேட்டேன். நீ இன்ஜினைப் பற்றி எழுதுகிறாய், வார்னிஷைப் பற்றி எழுதுகிறாய், கொட்டகையில் குட்டி போட்ட பூனையைப் பற்றிக்கூட எழுதுகிறாய். இதை மட்டும் தாண்டிக் குதித்துப் போகிறாய். மழுப்பாமல் பதில் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. அவரையும் சாப்பிடச் சொல்.

உன் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் முதுகு பழையபடி வளைகிறது. உன் மணிக்கட்டுக்குச் சூடு வைத்துக்கொள், ராத்திரியில் தைக்காதே. அத்தான் நல்ல சுகம். கையில் மரச்சிராய் ஏறிவிட்டது, அதனால்தான் பேனா பிடிக்கவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தவளையைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பலகை முழுவதையும் கழற்றிவிட்டோம். உள்ளே இருந்த மரச்சட்டங்கள் விரலால் அழுத்தினால் உதிர்கிற நிலையில் இருந்தன. இத்தனை வருஷம் இது எப்படி நீரில் குதித்து ஓடியது என்று ஆச்சரியமாக இருந்தது. புதுச் சட்டம் போட்டு, பிளைவுட்டை ஒட்டித் திருகாணி முடுக்கியாயிற்று. இன்ஜினில் பிஸ்டன் இறுகிப் போய்க் கிடந்தது. எண்ணெயை ஊற்றி ஊற வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் வேலையைப் பார்த்தால் நீ அசந்துபோவாய். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின் அடிப்பலகை மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறார். நான் இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்து மட்டமாக இருக்கிறது என்று சொன்ன இடத்தில், 'மாப்ளே, இங்க ஒரு மேடு இருக்குடா, இதுல தண்ணி பட்டா படகு மூக்கைத் தூக்கும்'னு காட்டினார். தேய்த்துப் பார்த்தால் உண்மைதான். கொட்டகையில் டியூப்லைட் கூட வேண்டாம் என்கிறார், கண் கூசுகிறதாம். மதியம் சாப்பிட்டதும் நான் பேப்பரை வாசிப்பேன். ஒவ்வொரு செய்திக்கும் அவர் ஒரு திட்டு கொடுப்பார். பொழுது நன்றாகப் போகிறது.

ஓட்டப் போகிறவர் யார் என்று கேட்டாய். இங்கே கொட்டகைக்கு வருகிற வெல்டரின் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான், ஒல்லி என்று கூப்பிடுவோம். கெட்டிக்காரன். இந்தப் பந்தயத்தில் விதிப்படி இரண்டு இருக்கை. ஓட்டுகிறவர் ஒருவர், இன்ஜினைக் கவனிக்க மெக்கானிக் ஒருவர். மெக்கானிக் நான்தான். இரண்டு பேருக்கும் நீயே ஓவரால் தைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று அத்தான் சொன்னார். என் அளவு உன்னிடம் இருக்கும். ஒல்லியின் அளவு: கழுத்து பதினாலு, மார்பு நாற்பத்து நாலு, இடுப்பு இருபத்தெட்டு, கை நீளம் முப்பத்திரண்டு.

பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டன.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இவ்வளவு தெம்பாகப் பொய் எழுத முடிகிறதே.

நீ அனுப்பிய அளவைக் கடையில் எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'இது ஆளா, அலமாரியா?' என்று கேட்டார். கழுத்து பள்ளிக்கூடப் பையன். மார்பு பயில்வான். இடுப்பு கல்யாணமாகாத பெண். கை மட்டும் முழங்கால் வரைக்கும் தொங்குகிறது. இதற்கு ஒல்லி என்று பெயர் வேறு. இருபது வருஷமாக மனுஷர்களுக்குத் தைக்கிறேன், தம்பி. இந்த அளவில் ஒருவன் பிறந்திருந்தால் கூண்டில் வைத்துக் காட்டியிருப்பார்கள்.

ஆக ஒல்லி என்று ஒருத்தனும் இல்லை. இருக்கிற ஒருவருடைய அளவை அனுப்பினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதானே ஒவ்வொன்றையும் மாற்றி எழுதினாய்? யாருடைய அளவு என்று நானே சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா?

இன்னொன்று. அவருக்கு நீ எதற்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறாய்? காலையில் பேப்பரை யாராவது தனக்கு முன்னால் பிரித்துவிட்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷர் அவர். கையில் சிராய் ஏறினால் பேப்பர் பிடிக்க முடியாதா? விளக்கு வேண்டாம், பேனா வேண்டாம், பேப்பர் வேண்டாம். எனக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை.

இத்துடன் அவருக்கு ஒரு உறை வைத்திருக்கிறேன், நன்றாக ஒட்டியிருக்கிறேன். நீ பிரிக்கக் கூடாது. புருஷன் பெண்டாட்டி விஷயம். அவர் கையில் கொடு. படித்துவிட்டு என்ன சொன்னார் என்று அவர் சொன்னபடியே எனக்கு எழுது.

உன் முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். கோபத்திலும் அனுப்புகிறேன் பார்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அளவு விஷயத்தில் தவறு என்னுடையது. தச்சு வேலைக்கு வைத்திருக்கிற இரும்பு டேப்பால் அளந்தேன், தலைகீழாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. அதை விட்டுவிடு. எனக்கு மட்டும் இப்போதைக்குத் தைத்தால் போதும்.

உறையைப் பிரிக்காமல் அத்தான் கையில் கொடுத்தேன். எனக்கு அதற்குள் எட்டிப் பார்க்கிற பழக்கம் இல்லை. ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். அப்புறம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். 'நல்லாத்தான் இருக்காளாம். கோவமெல்லாம் தீர்ந்துருச்சாம். ஒழுங்கா சாப்பிடச் சொல்லி எழுதியிருக்கா. ரெண்டு தடவை படிச்சேன்'னு சொன்னார். அன்றைக்கு முழுவதும் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நீ என்னமோ நெஞ்சைத் தொடுகிற மாதிரி எழுதிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல சேதி ஒன்று. இன்ஜின் பேசிவிட்டது. முதலில் நாலு தும்மல், கொட்டகை முழுக்கப் புகை, பூனை ஓடியே போய்விட்டது. அப்புறம் ஒரே சீராக ஓடியது. அத்தான் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பழைய சத்தம் அப்படியே வந்திருக்கிறது. போன வாரம் தண்ணீரில் இறக்கினோம், கசிவே இல்லை. வேகம் கூடக் கூட மூக்கைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறது. தவளை என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

அந்த உறையில் இருந்தது வெற்றுத்தாள். இரண்டு பக்கமும் ஒன்றும் எழுதவில்லை.

சந்தேகத்தில்தான் செய்தேன். செய்துவிட்டு, கடவுளே என் சந்தேகம் பொய்யாகப் போகட்டும் என்று தினமும் தபால்காரரை எதிர்பார்த்தேன். 'என்ன இது, வெறும் தாளை அனுப்பியிருக்கா, பைத்தியமா இவளுக்கு' என்று அவர் கத்தினார் என்று நீ எழுதியிருந்தால் சந்தோஷத்தில் அழுதிருப்பேன்.

இரண்டு தடவை படித்தாராம்.

இங்கிருந்து கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நாளாக எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தரவே இல்லை. 'நீயே கோத்துக்கோ, எனக்கு வேலை இருக்கு' என்பார். கொழுப்பு என்று நினைத்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதனால் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. கூடவே படுத்து எழுந்தவள் நான், எனக்கே தெரியவில்லை.

உனக்குத் தெரியும். எனக்கு இப்போது அவர் மேல் கோபம் இல்லை, உன் மேல்தான். எத்தனை நாளாக? இரண்டு கண்ணுமா? யார் ஓட்டுகிறார்கள்? இந்தத் தடவை இன்ஜினைப் பற்றி ஒரு வரி எழுதினாய் என்றால் அடுத்த பஸ்ஸில் அங்கே வந்து நிற்பேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இடது கண் விபத்தில் போனது உனக்குத் தெரியும். வலது கண் போன வருஷக் கோடையிலிருந்து மங்கிக்கொண்டு வருகிறது. நரம்பு வாடுகிறதாம், கண்ணாடியாலும் ஆபரேஷனாலும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வெளிச்சம் தெரிகிறது, ஆள் அசைவது தெரிகிறது, முகம் தெரியவில்லை. அடுத்த வருஷம் அதுவும் இருக்காது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். 'அவ கடையில குனிஞ்சு குனிஞ்சு தைக்கிறா, இதை வேற தூக்கிச் சுமக்கணுமா, கொஞ்ச நாள் போகட்டும்'னார்.

ஓட்டப் போகிறது அத்தான்தான்.

பதறாதே, முழுதும் படி. தவளை ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவர் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் இந்தப் பழைய படகுகளில் மெக்கானிக் ஓட்டுகிறவரைத் தட்டித்தான் பேசுவார். பின்னால் வேறு படகு நெருங்கினால் முதுகில் ஒரு தட்டு, இன்ஜின் சூடேறினால் தோளில் ஒரு தட்டு. எல்லோரும் செய்கிறதுதான். நாங்கள் அதை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டோம். இடது தொடையில் தட்டினால் இடது பக்கம், வலதில் தட்டினால் வலது. அழுத்திப் பிடித்தால் வேகம். கையை எடுத்துவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு மாதமாக விடியற்காலையில் யாரும் இல்லாத நேரத்தில் பழகுகிறோம். திருப்பத்து மிதவையை அவர் உரசுகிற மாதிரி சுற்றுகிறார், அக்கா. கண்ணுள்ளவன் பயந்து விலகிப் போகிற இடத்தில் அவர் விலகுவதில்லை. நான்தான் அவருக்குக் கண். இரண்டாவது இருக்கையில் நான் இருக்கும்போது அவருக்கு ஒன்றும் ஆகவிடுவேனா?

ஒரே ஒரு பந்தயம். அதற்கப்புறம் அவர் வாழ்நாள் முழுவதும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறார். தண்ணீரில் இருக்கும்போது அவர் முகத்தை நீ பார்க்க வேண்டும். விபத்துக்கு அப்புறம் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

யாரிடமும் சொல்லிவிடாதே. காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 29

அம்மையீர்,

வணக்கம். தாங்கள் சென்ற வாரம் எமது பந்தயச் சங்க அலுவலகத்துக்கு நேரில் வந்து தெரிவித்த செய்தி கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. குறிப்பிட்ட படகையும் அதன் ஓட்டுநரையும் நேரில் பரிசோதிக்க எமது பரிசோதகர் விரைவில் செல்வார். ஓட்டுநரை அடையாளம் காணத் தாங்கள் கூறிய விவரங்கள் அவரிடம் அளிக்கப்பட்டுள்ளன.

தாங்கள் கேட்டுக்கொண்டபடி தங்கள் பெயரோ உறவுமுறையோ யாரிடமும் வெளியிடப்படமாட்டாது.

தாங்கள் விட்டுச் சென்ற குடை அலுவலகத்தில் பத்திரமாக உள்ளது. எப்போது வேண்டுமானாலும் வந்து பெற்றுக்கொள்ளலாம். தங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ளவும்.

செயலாளர்


மே 11

அக்காவுக்கு,

நாங்கள் இங்கே இருக்கிறோம்.

ஏப்ரலில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதிலே வரவில்லை. யோசிக்கிறாய் என்று நினைத்தேன். நேற்றுத்தான் புரிந்தது.

பந்தயச் சங்கத்துப் பரிசோதகர் வந்தார். படகைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் துணியை எடுத்துத் தவளையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் படகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அத்தானிடம் போய், 'இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்னு சொன்னாங்க. நீங்கதானே அது?' என்றார். அப்புறம் கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டையைப் பையிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டப் போனார். நான் ஏதேதோ சொல்லித் தடுக்கப் பார்த்தேன். அத்தான் என்னை நகரச் சொல்லிவிட்டு, 'சார், அதை மாட்ட வேண்டாம். எனக்குக் கண் தெரியாது' என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஓட்ட அனுமதி இல்லை.

அத்தானுக்கு இடது தோள் இறங்கியிருப்பதைச் சட்டை போட்டிருக்கும்போது பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பத்து வருஷம் அவருடன் திரிகிற எனக்கே அது சட்டென்று தெரியாது. அவருக்குச் சட்டை தைக்கிறவருக்குத்தான் தெரியும்.

நீதான் போய்ச் சொன்னாயா? ஆம் அல்லது இல்லை, ஒரு வார்த்தையில் எழுது. நான் உன்னை நம்பி எழுதினேன். வேறு யாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை.

தம்பி


மே 20

அன்புத் தம்பிக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? அவருக்கு இரவில் தூக்கம் வருகிறதா? முன்பெல்லாம் மனசு சரியில்லை என்றால் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பார். அப்படிச் செய்தால் ஒன்றும் கேட்காதே, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திரு.

ஓவரால் இரண்டும் தைத்து முடித்துவிட்டேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று யாருக்கு என்று நீ கேட்க வேண்டியதில்லை, போட்டுப் பார்த்தால் தெரியும். இடது தோளில் உள்பக்கம் ஒரு அடுக்கு பஞ்சு வைத்திருக்கிறேன், மிதவைச் சட்டையின் வார் நழுவாது. முழங்காலில் இரட்டைத் துணி. ஜிப் பித்தளை, தண்ணீரில் துருப்பிடிக்காது.

கடையில் வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

நீ ஆம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை என்று ஒரு வாரம் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். அத்தானிடமும் வாயை விட்டேன். 'உங்க வீட்டுக்காரிதான் காட்டிக் கொடுத்துட்டா. என் அக்காதான், அதுக்காகச் சொல்லாம இருக்க முடியாது' என்றேன். அவர் அப்போது நீ அனுப்பிய ஓவராலைப் போட்டுக்கொண்டிருந்தார். தோளில் இருந்த பஞ்சை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம், 'மாப்ளே, அவளைச் சும்மா கரிச்சுக் கொட்டாதே. சொன்னது நான்தான்' என்றார்.

படகுத்துறை ஆபீஸ் போனிலிருந்து அவரே சங்கத்துக்குப் பேசினாராம். வருகிறவருக்கு ஆளைத் தெரியட்டும் என்று தோளையும் அவரே சொன்னாராம். ஏன் என்று கேட்டேன். 'ஒருநாள் நீ தட்டினது எனக்குப் புரியவே இல்லை. மிதவைக்கு எந்தப் பக்கம் போனோம்னே தெரியாம போயிட்டோம். உனக்கு ஏதாவது ஆயிருந்தா உங்கக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நானா விலகறதுக்கு வாய் வரல, அதான் அவங்க வாயால சொல்ல வெச்சேன்' என்றார். அவர் சொன்ன அந்த நாள் உண்மைதான், அக்கா. உனக்கு அதை எழுதாமல் விட்டேன். கரைக்கல்லுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது.

உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. சின்ன வயதிலிருந்து எனக்காக எத்தனை தடவை நீ அடி வாங்கியிருக்கிறாய். நீ பதில் எழுதாமல் இருந்ததே உனக்கு எவ்வளவு வலித்தது என்பதைக் காட்டுகிறது.

இப்போது நான் ஓட்டுகிறேன். அத்தான் இரண்டாவது இருக்கை. அதற்குப் பரிசோதகர் ஒத்துக்கொண்டார், அந்த இருக்கைக்குக் கண் பரிசோதனை கிடையாது. இன்ஜின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் எனக்குக் கேட்பதற்கு முன்னால் அவருக்குக் கேட்டுவிடுகிறது, தட்டிவிடுகிறார். நன்றாகத்தான் தட்டுகிறார், என் தொடை கன்றிப் போயிருக்கிறது. பந்தயம் இந்த மாதக் கடைசியில். நீ வர வேண்டும். கோபம் இருந்தால் இங்கே வந்து என்னை நாலு சாத்து சாத்திவிட்டுப் போ.

உன் கடிதங்களை இப்போது அவருக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

தம்பி


ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். கேட்டிருக்க வேண்டாம். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தொடைக்கு அந்தத் தைலத்தையே தடவு. படகை ஓட்டும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு ஓட்டு, வீரம் காட்டாதே.

கடையில் விடுப்புச் சொல்லிவிட்டேன். பந்தயத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன்.

இதற்குக் கீழே இருப்பது உன் அத்தானுக்கு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக வாசி. உனக்குப் புரியாவிட்டாலும் ஒரு வார்த்தையையும் மாற்றாதே.

நீங்கள்தான் சொன்னீர்கள் என்று தம்பி எழுதியிருந்தான். அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லப் போகிற வழியில் பாதியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். சொல்லி முடித்ததும் அந்த ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்ப்பதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் அழுதிருப்பீர்கள். கையில் கொண்டுபோன குடையை மறந்துவிட்டு வெயிலில் வீடுவரைக்கும் நடந்திருப்பீர்கள். உலகத்தில் ஒருவருக்கு மிச்சம் இருந்த ஒரே சந்தோஷத்தை நாமே பறித்துவிட்டோம் என்று தெரிந்தால் அவர் நம்மை வெறுத்துவிடுவாரே என்று பயந்திருப்பீர்கள். அந்தப் பயத்தில்தான் வாயைத் திறக்காமல் இருந்திருப்பீர்கள். ஆனாலும் மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் போய்ச் சொல்வீர்கள், ஏனென்றால் உங்களுக்கு அந்த இரண்டு பேரும் உயிரோடு வேண்டும்.

நான் உங்களை வெறுக்கவில்லை. நீங்களும் உங்களை வெறுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓவரால் தோளில் சரியாக உட்கார்ந்ததா?

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். தவளைக்கு நேற்று எண் எழுதி முடித்தாயிற்று. இந்தத் தடவை புகையும் இல்லை, தும்மலும் இல்லை.

நீ சொன்னபடி அத்தானை உட்கார வைத்து வாசித்தேன். படிக்கட்டு வந்த இடத்தில் நிறுத்தினேன். 'நீங்க படகுத்துறை போன்லதானே பேசினீங்க? இதுல படிக்கட்டு எங்கேருந்து வந்துச்சு, குடை எங்கேருந்து வந்துச்சு?' என்றேன். 'உனக்கு வாசிக்கத் தெரியுமா தெரியாதா? ஒழுங்கா வாசிடா' என்றார். கடைசி வரைக்கும் வாசித்தேன். கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். பார்க்கவில்லை, சும்மா விரலால் தடவினார். அப்புறம் என்னிடமே திருப்பிக் கொடுத்து மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று எழுதச் சொன்னார்.

மூன்றாவது தடவை வாசிக்கும்போது படிக்கட்டிலும் குடையிலும் நான் நிறுத்தவில்லை. அதற்குமேல் நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கமாட்டேன். நீ வருகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

தம்பி